உங்களுக்குத் தெரியுமா? ஒட்டகத்தின் மேல் ஒரு ஃப்ரீஸ்டைல்

ராப் பாடுகிறவர் வரிகளை நோட்டில் எழுதி வைத்துப் பாடுகிறாரா, மனசுக்குள்ளேயே கட்டி முடிக்கிறாரா, இல்லை மைக்கைப் பிடித்த பிறகுதான் யோசிக்கவே தொடங்குகிறாரா? பதில் தேடி நியூயார்க் வரை போக வேண்டாம். அபுதாபியிலும் ரியாத்திலும் மனாமாவிலும் ராப் என்ற பெயரே காதில் விழாத காலத்திலிருந்து இந்தக் கேள்வி உண்டு. பதில்களும் உண்டு.

ஏழு அடிக்குள் முடி

அமீரகத்திலும் ஓமானிலும் ஒட்டகப் பயணத்தில் பாடுவது ‘தக்ரூதா’. ஒருவர் முதல் அடியை எடுத்துக் கொடுப்பார், கூட வருகிற கூட்டம் வாங்கிப் பாடும். ஏழு அடியைத் தாண்டாது. எழுதி எடுத்து வந்த பாட்டு அல்ல, போகிற போக்கில் கட்டுவது. பாட்டு கேட்டால் ஒட்டகங்கள் ஒரே சீராக நடக்கும் என்பது பாலைவன நாடோடிகளான பதூவிகளின் நம்பிக்கை. ராப்பில் பீட்டுக்கு ஏற்ப வாய் ஓடும். இங்கே பாட்டுக்கு ஏற்ப பீட்டே நடந்து வருகிறது! 2012இல் யுனெஸ்கோ இதை மரபுக் கலைகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றைக்கு நெடுந்தூர ஒட்டகப் பயணம் போகிறவர் யார்? கல்யாண வீடுகளிலும் ஒட்டகப் பந்தயத் திடல்களிலும் தேசிய நாள் விழாக்களிலும்தான் தக்ரூதா கேட்கிறது.

யோசிக்க நேரம் வாங்கித் தருவது யார்?

சவூதியில் ‘கல்த்தா’ என்று ஒரு பாட்டுச் சண்டை உண்டு. (வேலையை விட்டுத் தூக்கும் நம்மூர் கல்தா அல்ல.) ஆட்கள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். போட்டியாளர்கள் இரண்டு பேர். வாத்தியம் கிடையாது, கைதட்டல்தான் தாளம். முதல் கவிஞர் ஒரு மெட்டைப் பிடித்து இரண்டு அடி விடுவார். உடனே எதிராளி வாயைத் திறக்க மாட்டார். அந்த அடிகளை வரிசைகள் வாங்கி, மாற்றி மாற்றி, திரும்பத் திரும்பப் பாடும். அந்த இடைவெளிக்குள் எதிராளி தன் இரண்டு அடியைக் கட்டியாக வேண்டும். அதே சந்தம், அதே இயைபு, ஆனால் மறுப்பு.

இதோடு விட்டால் பரவாயில்லை. முதல் கவிஞர் வெளிப்பார்வைக்கு ஒட்டகத்தைப் பற்றியோ கிணற்றைப் பற்றியோதான் பாடுவார். உள்ளே எதிராளியின் குலத்தையோ பழைய தகராறையோ ஒளித்து வைத்திருப்பார். எதிராளி அந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததைக் காட்டிக்கொள்ளாமல் தானும் ஒரு முடிச்சுப் போட வேண்டும். கைதட்டிக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு அது புரிகிற நொடியில் சத்தம் கூரையைப் பிளக்கும். ராப் போட்டியில் ஒரு பஞ்ச் விழுந்ததும் மொத்தக் கூட்டமும் ‘ஓ’ போடுகிறதே, அதே சத்தம்தான்.

ராப் பாட்டில் நடுவே ஒரே வரி திரும்பத் திரும்ப வருவது கேட்பவருக்காக என்று நினைக்கிறோம். கல்த்தாவைப் பார்த்தால் அந்தத் திருப்பல் யாருக்காகத் தொடங்கியிருக்கும் என்று சந்தேகம் வருகிறது.

மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா?

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கல்த்தாவை விளக்கவே வேண்டாம். மாசியில் காமன் பண்டிகை வந்தால் லாவணி. சிவன் கண்ணைத் திறந்ததில் மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. கையில் டேப். கேள்வியும் பாட்டு, பதிலும் பாட்டு, விடிய விடிய. மராட்டியர் ஆட்சியோடு தஞ்சைக்கு வந்த கலை இது. பல நூறு வருஷமாகியும் தீர்ப்பு வரவில்லை, யாருக்கும் அவசரமும் இல்லை.

ஒரு பாட்டுக்கு ஒரு வருஷம்

அரபுக் கவிஞர் என்றாலே வாயைத் திறந்தால் கவிதை கொட்டும் என்று எண்ண வேண்டாம். இஸ்லாத்துக்கு முந்தைய காலத்துப் பெருங்கவி ஸுஹைர் இப்னு அபீ சுல்மாவின் நெடும்பாடல்களுக்கு ‘ஹவ்லியாத்’ என்று பெயர், அதாவது வருஷப் பாட்டுகள். ஒன்றைக் கட்டி, திருத்தி, தட்டிக்கொட்டி வெளியே விட ஒரு வருஷம் எடுத்துக்கொள்வார் என்று சொல்லப்படுகிறது. ஸ்டூடியோவில் ஐந்தே நிமிஷத்தில் பாடி முடித்தேன் என்று பேட்டி கொடுக்கும் பாடகர்களைவிட எனக்கு ஸுஹைரைப் பிடிக்கும்.

எழுதாமலே முடித்த பாட்டு

பேச்சு அரபியில் கட்டும் பாலைநிலக் கவிதைக்கு ‘நபாத்தி’ என்று பெயர். வளைகுடா முழுக்க இதுதான் மக்கள் கவிதை. இதை ஆராய்ந்த சவூதி அறிஞர் ஸஅத் ஸொவையான் 1985இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடும்போதேதான் பாட்டைக் கட்டுவார்கள் என்று அதுவரை மேற்கத்திய அறிஞர்கள் பலர் நம்பியிருந்தார்கள். யுகோஸ்லாவியாவின் கதைப்பாடகர்களைக் கேட்டு எட்டிய முடிவு அது. நபாத்தி அப்படி இல்லை என்றார் ஸொவையான். கவிஞர் தனியாக உட்கார்ந்து, அடி அடியாக மனசுக்குள் கட்டி, திருத்தி, மனப்பாடமாக்கி, அதற்குப் பிறகுதான் சபைக்கு வருகிறார். எழுத்து இல்லை, ஆனால் வரைவு உண்டு, அடித்தல் திருத்தல் உண்டு. எல்லாம் தலைக்குள்ளே.

கவிஞரின் பாட்டைக் காதால் வாங்கி, மனசில் வைத்து, ஊர் ஊராகக் கொண்டுபோகிறவருக்கு ‘ராவி’ என்று பெயர். பல பெரிய கவிஞர்கள் முதலில் இன்னொருவரின் ராவியாக இருந்தவர்கள்தாம். ஆயிரம் அடி மனப்பாடம் ஆன பிறகு ஆயிரத்து ஓராவது அடி சொந்தமாக வரும் என்பது கணக்கு.

நோட்டைத் தள்ளிய இருவர்

1996. அமெரிக்க ராப்பர்கள் ஜே-ஸியும் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யும் ஒரு பாட்டுக்காக ஸ்டூடியோவில் சந்திக்கிறார்கள். மேசையில் பேனாவும் நோட்டும். இவர் அவர் பக்கம் தள்ளுகிறார், அவர் இவர் பக்கம் தள்ளுகிறார். இருவருமே எழுதுகிற பழக்கம் இல்லாதவர்கள் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்ததாம். இதைச் சொன்னவர் ஜே-ஸி. அவரும் சின்ன வயசில் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளியவர். பிறகு தெருவில் அலைந்த காலத்தில், வரி தோன்றும்போது காகிதம் கிடைக்காது. கிடைத்த காகிதப் பையைக் கிழித்து எழுதி சட்டைப்பையில் திணித்தார். அதுவும் கட்டுப்படியாகாமல் போகவே மனப்பாடத்துக்கு மாறினார். ரிக்கார்டிங் அறையில் மைக் முன்னால் அவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஜெபம் என்று தோன்றும். உள்ளே திருத்தம் நடக்கிறது.

லில் வெய்ன் வேறு மாதிரி. 2002 வாக்கில், நோட்டுகளில் மிச்சம் இருந்த வரிகள் அத்தனையையும் ஒரே நீண்ட பதிவில் பாடித் தீர்த்தார். ‘பத்தாயிரம் பார்’, அதாவது பத்தாயிரம் வரி, என்பது அதன் பெயர். அதோடு பேனாவுக்கு விடை.

எமினெம் எதிர்த்திசை. 2010இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே துண்டுக் காகிதங்கள், ஹோட்டல் லெட்டர்பேடுகள், எல்லாவற்றிலும் எறும்பு எழுத்தில் மூலைக்கு மூலை கிறுக்கல். ஆரஞ்சு என்பதற்கு ஆங்கிலத்தில் இயைபே கிடையாது என்பவர்களைப் பார்த்தால் தனக்குக் கோபம் வரும் என்று சொல்லி, அந்தச் சொல்லை உடைத்து உச்சரித்து அங்கேயே நாலைந்து ஜோடி பிடித்துக் காட்டினார்.

இன்னொன்று. ஃப்ரீஸ்டைல் என்றால் முன்தயாரிப்பு இல்லாமல் அள்ளிவிடுவது என்றுதான் இன்று பொருள். பிக் டேடி கேன் போன்ற பழைய ஆட்களைக் கேட்டால், எண்பதுகளில் அது எழுதி வைத்த பாட்டுத்தான், குறிப்பிட்ட ஒரு பொருளைப் பற்றியதாக இருக்காது, அவ்வளவே என்பார்கள்.

எழுதினால் வரும் ஆபத்து

1979இல் வெளிவந்து ராப்பை உலகத்துக்குக் காட்டிய ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டில் ஒரு பகுதியைப் பாடியவர் பிக் பேங்க் ஹேங்க். பீட்ஸா கடையில் வேலை பார்த்தவர். சொந்த வரி கைவசம் இல்லை. ராப்பர் கிராண்ட்மாஸ்டர் கேஸிடம் நோட்டை வாங்கி அதிலிருந்து பாடினார். பாடினால் பரவாயில்லை, கேஸ் தன் மேடைப்பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் இடத்தையும் மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார். பாட்டு உலகமெங்கும் ஓடியது. கேஸுக்குப் பாட்டில் பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. நோட்டில் எழுதாமல் தலைக்குள் வைத்திருந்தால் கடன் கேட்க முடிந்திருக்குமா?

ஸ்கேனுக்குள் ராப்

2012இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஃப்ரீஸ்டைல் ராப்பர்கள் 12 பேரை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுக்க வைத்தார்கள். தலையை அசைக்கக் கூடாது. ராப்பருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்குமா என்று தெரியவில்லை. காதில் எட்டு பார் இசை, நிமிஷத்துக்கு 85 பீட் வேகத்தில். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்குச் சுமார் 23 விநாடிதான். அதே இசைக்கு ஒருமுறை மனப்பாடம் செய்த வரிகள், ஒருமுறை அங்கேயே கட்டிய வரிகள்.

சொந்தமாகக் கட்டும்போது நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் நடுப்பகுதி சுறுசுறுப்பானது. உந்துதலுக்கும் தன்னெண்ணத்துக்குமான இடம் அது. பக்கவாட்டில் இருக்கிற மேற்பார்வைப் பகுதியோ அடங்கிப் போனது. இது சரியா, இது தப்பா, இப்படிச் சொல்லலாமா என்று கண்காணிக்கிற பகுதி அது. மொழிக்கும் உணர்ச்சிக்கும் அசைவுக்குமான இடங்கள் கைகோத்துக்கொண்டன. சுருக்கமாக, கண்காணி வெளியே போனால்தான் பாட்டு உள்ளே வருகிறது. 12 பேரை வைத்து உலகத்தையே அளக்க முடியாதுதான். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து வருஷமாவது ஃப்ரீஸ்டைல் பாடிப் பழகியவர்கள் என்பதை மறக்கக் கூடாது. கண்காணியை வெளியே அனுப்புவதற்கும் பழக்கம் வேண்டியிருக்கிறது.

முதுகில் விழுந்த கல்லை எண்ணியவர்

நாகர்கோவில் இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907இல் சென்னை விக்டோரியா ஹாலில் சதாவதானம் செய்து காட்டினார். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் குறுக்கே புகுவார்கள். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார், ஒருவர் கணக்குப் போடுவார், ஒருவர் இலக்கணத்தில் மடக்குவார், ஒருவர் மணி அடிப்பார், ஒருவர் முதுகில் கல்லை வீசுவார். கடைசியில் எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும், எத்தனை மணி, எத்தனை கல் என்பது உட்பட.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முஸ்லிம் புலவரை மடக்க நினைத்த ஒருவர், துருக்கனுக்கு ராமன்தான் துணை என்று முடியும்படி வெண்பா கேட்டாராம். சபையில் ஒரு சலசலப்பு. பாவலர் அலட்டிக்கொள்ளவில்லை. முந்திய அடியை ராமனின் தம்பிமார் பெயர்களால் நிரப்பி, கடைசியில் ‘சத்’ என்று நிறுத்தினார். அடுத்த அடியில் துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். கேட்டவரின் அடியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ராப் போட்டியில் எதிராளியின் சொல்லையே திருப்பி அவர் முகத்தில் அடிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 2008இல் இந்தியத் தபால் துறை பாவலருக்குத் தபால்தலை வெளியிட்டது.

முன்னால் ஒலிக்கும் தமிழ், பின்னால் ஒலிக்கும் அரபி

நபாத்தியிலும் ராப்பிலும் ஒலி அடியின் கடைசியில் வந்து விழும். தமிழ்ச் செய்யுளில் எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்திலேயே நிற்கும். மனப்பாடத்துக்கு இதுதான் வசதி. முதல் சீர் வாயில் வந்துவிட்டால் மற்றது தானாக வரும். அந்தாதி இன்னும் ஒரு படி மேல். முடிந்த இடத்திலேயே அடுத்த பாட்டு தொடங்குவதால் நூறு பாட்டும் மறக்காது. தமிழ் ராப்பர்கள் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் ஒலியைப் பூட்டுகிறார்கள். 2006இல் மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்ராவும் ‘வல்லவன்’ ஆல்பத்தோடு வந்தபோது இந்தப் பூட்டு நம் காதுக்குப் புதுசாக இருந்தது.

பாடுவதற்கென்றே ஓர் ஆள்

அரபு வளைகுடாவில் முத்துக்குளிக்கும் கப்பல்களில் ‘நஹ்ஹாம்’ என்று ஒருவர் இருப்பார். அவருடைய வேலையே பாட்டு. துடுப்புப் போட ஒரு பாட்டு, பாய் ஏற்ற ஒரு பாட்டு, நங்கூரம் தூக்க ஒரு பாட்டு. மாதக்கணக்கில் கடல், கையில் ஏடு கிடையாது, எல்லாம் நினைவிலிருந்துதான். பஹ்ரைனில் இந்த மரபிலிருந்து வந்த ‘ஃபிஜிரி’ 2021இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போனது. முஹர்ரக்கில் இன்றும் பாடுகிறார்கள். ஜின்கள்தாம் இந்தப் பாட்டை மனிதருக்குக் கற்றுக்கொடுத்தன என்று ஒரு கதையும் உண்டு. ஜப்பான் வளர்ப்பு முத்து 1930களில் வளைகுடா முத்துத் தொழிலைக் கவிழ்த்தது. தொழில் போய்ப் பாட்டு மட்டும் மிஞ்சியது. நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்க அரபுகளும் வந்திருக்கிறார்கள். வலை இழுக்கும் நம் அம்பாப் பாட்டை அவர்கள் கேட்டிருப்பார்களா?

ஐம்பது லட்சம் திர்ஹாம் பாட்டு

2006 டிசம்பரில் அபுதாபியில் ‘மில்லியன் கவிஞர்’ என்ற நபாத்திப் போட்டி தொடங்கியது. அல் ராஹா பீச் அரங்கம், நேரலை, நடுவர்கள், எஸ்.எம்.எஸ். வாக்கு. முதல் பரிசு 50 லட்சம் திர்ஹாம் வரை போனது. 2007 நவம்பரில் துபாயில் எம்.டி.வி. அரேபியா தொடங்கி, ‘ஹிப் ஹாப் நா’ என்று ராப்பர்களைத் தேடும் நிகழ்ச்சியை நடத்தியது; நடத்தியவர்களில் ஒருவர் சவூதி ராப்பர் குஸாய். அந்தச் சேனல் இன்று இல்லை. கவிதைப் போட்டி இன்னும் நடக்கிறது.

2010இல் சவூதிப் பெண் ஹிஸ்ஸா ஹிலால், முகத்திரையோடு அந்த மேடைக்கு வந்தார். அதற்கு முன் பத்திரிகைகளில் புனைபெயரில் எழுதியவர். மனிதரைப் பயமுறுத்தும் ஃபத்வாக்காரர்களைக் கிழித்து ஒரு பாட்டுப் பாடினார். கொலை மிரட்டல் வந்தது. அடுத்தடுத்த சுற்றுகளுக்கும் வந்து பாடினார். மூன்றாம் இடம், 30 லட்சம் திர்ஹாம்.

பெண் குரல் இங்கே புதுசில்லை. அல் ஐனில் பிறந்த ஊஷா பின்த் கலீஃபா அல் சுவைதி (1920–2018) நபாத்தியின் முதல் வரிசைக் கவிஞர். அவரோடு பாட்டில் கடிதம் பரிமாறிய துபாய் ஆட்சியாளர் ஷேக் முஹம்மத் சூட்டிய பட்டம், ‘ஃபதாத் அல் அரப்’.

கடலில் எழுதத் திட்டமிட்ட கவிதை

அதே ஷேக் முஹம்மத் எழுதிய கவிதையை, பாம் ஜெபல் அலி தீவைச் சுற்றி வீடுகளையே எழுத்துகளாக வரிசைப்படுத்தி எழுதுவது என்பது முதல் திட்டம். விமானத்திலிருந்து பார்த்தால் படிக்கலாம். 2008 பொருளாதாரச் சரிவில் வேலை நின்றது. வரிகளை எழுதி வைப்பதா வேண்டாமா என்ற விவாதத்தில் இது ஒரு தனிக் கட்சி.

நடுவில் ஓர் ஒன்பது

பஹ்ரைன் ராப்பர் ஃப்ளிப்பராச்சியின் ‘ஃபஸ்லா’ பாட்டு, 2025 டிசம்பரில் ‘துரந்தர்’ இந்திப் படம் வழியாக இந்தியா முழுக்கப் பரவியது. தலைப்பை ஆங்கில எழுத்தில் பார்த்தவர்கள் நடுவில் எதற்கு 9 என்று குழம்பினார்கள். வளைகுடா இளைஞர்கள் போனில் அரபியை ஆங்கில எழுத்தில் தட்டும்போது, அதில் இல்லாத ஒலிக்கு எண்ணைப் போடுவார்கள். ‘ஸாத்’ எழுத்துக்கு 9, ‘ஐன்’ எழுத்துக்கு 3, ‘ஹா’வுக்கு 7. நோட்டுக்குப் பதில் போனில் வரி எழுதும் தலைமுறையின் எழுத்து இது. தங்லீஷில் பாட்டு எழுதும் நம் பையன்கள் ழகரத்துக்கு இன்னும் இரண்டு எழுத்தைச் செலவு பண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பேட்டையும் முகாமும்

1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’ பாட்டை எழுதியவர் இயக்குநர் ஷங்கரே. காகிதத்தில் எழுதிய ராப் அது. அதற்கு முன்பும் பிறகும் எழுதாத ராப் வடசென்னையில் ஓடிக்கொண்டிருக்கிறது: மரண கானா. இறந்தவர் வீட்டுக்கு வந்த கானாக்காரர் முதலில் விசாரிப்பார். பெயர், தொழில், பெண்டு பிள்ளைகள், பிடித்த சாப்பாடு, குடிப்பழக்கம் இருந்ததா? விடிவதற்குள் அந்த ஆளின் வாழ்க்கை முழுசும் பாட்டாகிவிடும். 2018 ஜனவரியில் இயக்குநர் பா. ரஞ்சித் ஆதரவில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாக்காரர்களையும் ராப்பர்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது. ராப்பர் அறிவு அங்கிருந்து வந்தவர்.

துபாயில் தொழிலாளர் முகாம்களுக்கிடையே ஒரு பாலிவுட் பாட்டுப் போட்டி நடந்திருக்கிறது. மஹ்மூத் கஅபூர் என்ற லெபனான் இயக்குநர் அதைப் பின்தொடர்ந்து ‘சாம்ப் ஆஃப் தி கேம்ப்’ என்ற ஆவணப்படம் எடுத்து, 2013இல் துபாய் திரைப்பட விழாவில் திரையிட்டார். பகலெல்லாம் கட்டட வேலை, ராத்திரி மனப்பாடமாக இந்திப் பாட்டு. யாராவது அதே முகாம்களில் தமிழில் ஒரு ராப் போட்டி வைக்கட்டும். வரி சொந்தமாக இருக்க வேண்டும், காகிதம் கூடாது என்பது விதி. இறுதிச் சுற்றில் ஒரு வியாசர்பாடிக்காரரும் ஒரு தஞ்சாவூர்க்காரரும் நிற்பார்கள். என் காசு வியாசர்பாடி மேல்.